கடன் கொப்பியில் அமானிதம் தேடல்: கிரெப், என்எல் எனும் இரண்டு கட்டளைகள்

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் கட்டளையிடும் வசனம் எது என்று மத்ரஸாப் பிள்ளை ஒன்றிடம் கேட்டால், "நாலாவது சூரா, ஐம்பத்தெட்டு" என்று சொல்லிவிடும். 4:58. இரண்டே இலக்கங்கள். ஹட்டனில் இருக்கும் குர்ஆனிலும் கெய்ரோவில் இருக்கும் குர்ஆனிலும் அதே இடம். ஒரு நூலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு விலாசம் இருந்தால் தேடுவது எவ்வளவு இலேசு என்பதை நம் சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்த விலாசம் தானாக வந்ததல்ல. இப்போது நாம் பரவலாகப் பாவிக்கும் 6,236 என்ற எண்ணிக்கை கூஃபா நகரத்து அறிஞர்களின் கணக்கு. 1924இல் கெய்ரோவில் அச்சான பதிப்பு அதைப் பின்பற்றியதால் உலகெங்கும் நிலைத்தது. பஸ்ரா, மதீனா, சிரியா ஆகிய இடங்களில் வேறு கணக்குகள் இருந்தன. வேதத்தின் ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. எங்கே நிறுத்தி எண்ணினார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஜெர்மனிய அறிஞர் குஸ்தாவ் ஃப்ளூகல் 1834இல் வெளியிட்ட பதிப்பின் வசன இலக்கங்கள் இன்னொரு மாதிரி. பழைய ஐரோப்பிய ஆய்வு நூல்களிலே கொடுத்த வசன எண்ணைப் பார்த்து நமது குர்ஆனைத் திறந்தால் சில இடங்களில் ஒன்றிரண்டு வசனம் தள்ளி இருப்பது இதனால்தான்.

அதே ஃப்ளூகல் 1842இல் ஒரு சொல்லடைவும் வெளியிட்டார். எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்ற பட்டியல். அதை அடித்தளமாக வைத்து, திருத்தி, விரித்து, எகிப்து அறிஞர் முஹம்மது ஃபுஆத் அப்துல் பாக்கி 1945இல் வெளியிட்ட 'அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்' இன்றும் உலமாக்களின் மேசையில் இருக்கிறது. சொல்லைத் தேடு, வரியைக் காட்டு, வரிக்கு இலக்கம் இடு. ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் கையால் செய்த இந்த வேலையைக் கணினியில் செய்யும் இரண்டு சின்னக் கட்டளைகளைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவற்றை நான் படித்தது படிப்புக்காக அல்ல. எங்கள் வீட்டில் இருந்த ஒரு தகரப் பெட்டிக்காக.

தகரப் பெட்டி

என் மூத்தாப்பாவுக்கு ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பாதையோரம் ஒரு கடை இருந்தது. சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களிலிருந்து வருபவர்கள்தான் வாடிக்கை. மாதம் முழுதும் பற்று, சம்பளத்தன்று தீர்வை. அரிசி, மா, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கடன் கொப்பியில் ஏறும். இந்த விசயம் எல்லாருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாத ஒன்றும் உண்டு: லயத்துச் சனங்கள் தங்கள் சேமிப்பையும் கடையிலேதான் வைத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது எங்கே ஒளித்து வைப்பது? "நானா, இத வச்சிருங்க" என்று ஒரு சோடித் தோட்டையோ நாற்பது ரூபாவையோ துணியில் முடிந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். மூத்தாப்பா அதையும் அதே கொப்பியில், கடன் வரிகளுக்கு நடுவிலே, 'அமானத்து' என்று எழுதி வைத்தார்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்றவர்களாக இருந்த சுமார் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவு. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கினார்கள் சனங்கள். பாஸ்போட்டும் பயணத் தேதியும் கையில் கிடைத்தபின் ஓடுகிற ஓட்டத்தில், கடையில் வைத்ததை எடுக்க மறந்தவர்கள் இருந்தார்கள். எடுக்க வர முடியாமல் போனவர்களும் இருந்தார்கள்.

மூத்தாப்பா மவுத்தாகும்போது வாப்பாவிடம் சொன்ன வஸிய்யத்து ஒன்றுதான்: கடனை எல்லாம் விட்டுவிடு, அமானிதத்தை விடாதே. வாப்பா தன்னால் முடிந்ததைத் தேடினார். அவரும் போய்ச் சேர்ந்த பிறகு பெட்டி என்னிடம் வந்தது. உள்ளே 14 கொப்பிகள். துணியில் கட்டிய ஆறு சிறு பொட்டலங்கள். பொட்டலங்களில் பெயர் இல்லை. ஒவ்வொன்றிலும் மையால் ஓர் இலக்கம் மட்டும்: 7/212, 9/88 என்ற மாதிரி.

முதல் இலக்கம் கொப்பியின் இலக்கம் என்பது உடனே விளங்கியது. இரண்டாவது என்ன? கொப்பிக்குப் பக்க எண் இல்லை. ஆனால் ஓரத்திலே பத்து வரிக்கு ஒரு தடவை ஒரு புள்ளி வைத்திருந்தார். அப்போ அவர் வரிகளை எண்ணியிருக்கிறார். 7/212 என்றால் ஏழாம் கொப்பியின் 212ஆவது வரி.

வரிக்கு வரி தட்டச்சு

முதலில் நானும் மருமகனும் கொப்பிகளைத் தட்டச்சு செய்தோம். வேர்ட் கோப்பாக அல்ல, வெறும் எழுத்துக் கோப்பாக. ஆங்கிலத்தில் 'பிளெய்ன் டெக்ஸ்ட்' என்பார்களே, அது. அலங்காரம் எதுவும் இல்லாத இந்தக் கோப்பை எந்தக் கணினியும் எந்தக் காலத்திலும் திறக்கும். ஒரு பதிவுக்கு ஒரு வரி. ஒரு வரியில் ஆறு பகுதிகள், இடையில் கமா. உதாரணத்துக்கு ஒன்று (பெயரும் லயமும் மாற்றியது):

7,12.03.1969,மேற்பிரிவு 4ஆம் லயம்,கருப்பாயி,தோடு ஒரு சோடி,அமானத்து வைத்தது

மூத்தாப்பா எழுதிய எழுத்தை நாங்கள் திருத்தவில்லை. 'அமானத்து' என்று எழுதிய இடத்தில் அப்படியே, 'அமானிதம்' என்று எழுதிய இடத்தில் அப்படியே. கொப்பியில் பக்கம் முடியும் இடத்தில் ஒரு வெற்று வரி விட்டேன். இந்த வெற்று வரிதான் பிறகு என்னை ஒரு வீட்டு வாசலில் தலைகுனிய வைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிரெப்: தேடித் தருபவன்

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் உச்சரிப்பின்படி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும்; பின்னால் வரும் கிரெப் '-ஈ'யில் உள்ள 'ஈ' மட்டும் பெரிய எழுத்து. கிரெப் என்பது ஜி, ஆர், ஈ, பி. லினக்ஸ், மெக் கணினிகளில் 'டெர்மினல்' என்ற கறுப்புத் திரையைத் திறந்தால் இது ஏற்கெனவே இருக்கும். விண்டோஸ்காரர்கள் 'டபிள்யூஎஸ்எல்' என்பதை நிறுவிக்கொண்டால் அதற்குள் லினக்ஸ் கிடைக்கும்.

கிரெப் பிறந்த கதை நம்மைப் போன்ற ஆய்விதழ்க்காரர்களுக்குச் சொந்தமான கதை. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் லீ மக்மஹோன் என்பவர், 1787-88இல் புனைபெயரில் வெளிவந்த 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகள் 85இல் எதை யார் எழுதினார் என்று சொற்களை வைத்து ஆராய முயன்றார். ஹமில்டன், மடிசன், ஜே என்ற மூவரில் சில கட்டுரைகளுக்கு ஆசிரியர் யார் என்பது நெடுநாள் வழக்கு. அக்காலக் கணினிக்கு நினைவகம் மிகச் சிறிது. 'எட்' என்ற எழுத்துத் திருத்தியால் அவ்வளவு பெரிய கோப்பைத் திறக்கவே முடியவில்லை. அந்தத் திருத்தியை எழுதிய கென் தொம்ஸன், அதில் இருந்த தேடும் பகுதியை மட்டும் பிரித்துத் தனி நிரலாக்கினார். அது கோப்பு முழுதையும் நினைவில் ஏற்றாது; வரி வரியாக வாசிக்கும், பொருந்தினால் காட்டும், பொருந்தாவிட்டால் விட்டுவிடும். 1973இல் யுனிக்ஸின் நான்காம் பதிப்போடு வெளியே வந்தது. யார் எழுதினார் என்ற இலக்கியக் கேள்விக்கும் இந்தக் கருவிக்கும் அப்படி ஒரு உறவு.

பாவிப்பது இப்படி:

கிரெப் -என் 'அமான' கொப்பி7

கட்டளை, ஒரு இடைவெளி, தேடும் சொல், கோப்பின் பெயர். நடுவில் உள்ள '-என்' (சிறு கோடும் 'என்' எழுத்தும்) வரி இலக்கத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்கிறது. '-என்' இருக்கும் இடத்தில் '-சி' போட்டால் எத்தனை வரி என்ற தொகை மட்டும் வரும். '-வி' போட்டால் தலைகீழ்: அந்தச் சொல் இல்லாத வரிகள். கோப்பின் பெயராக 'கொப்பி*' என்று நட்சத்திரத்தோடு கொடுத்தால் 14 கொப்பியையும் ஒரே மூச்சில் தேடும்.

'அமானத்து' என்று முழுச்சொல்லைக் கொடுக்காமல் ஏன் 'அமான' என்று கொடுத்தேன்? கணினி தமிழை வைத்திருக்கும் முறையால். யூனிகோடில் 'னி' என்பது ஓர் எழுத்தல்ல. 'ன' முதலில், அதன் பின்னால் இகரக் குறி. 'த்' என்பதும் 'த', பின்னால் புள்ளி. ஆகவே 'அமான' என்று தேடினால் அமானத், அமானத்து, அமானிதம் மூன்றும் அகப்படும். இது வசதி. இதே குணம் உபத்திரவமும் தரும். கடனைத் தேடப் போய் 'கட' என்று தட்டினேன். கடலை, கடுகு, கடை எல்லாம் வந்து திரை நிரம்பிவிட்டது. பலசரக்குக் கடைக் கொப்பியாச்சே! 'மாரி' என்று தேடினால் மாரிமுத்துவும் மாரியாயியும் சேர்ந்தே வருவார்கள். பெயரின் இரு பக்கமும் கமா வைத்து ',மாரி,' என்று தேடினால் அந்தப் பெயர் மட்டும் வரும். வரியைக் கமாவால் பிரித்து வைத்ததன் பலன் அங்கே கிடைத்தது.

நம் பெயர்களுக்கு இன்னொரு தொல்லை. முகம்மது, முகமது, முஹம்மது என்று ஒரே ஆளைப் பல விதமாக எழுதியிருப்பார்கள். அதற்கு:

கிரெப் -ஈ 'மு[கஹ](ம்)?மது' கொப்பி*

சதுர அடைப்புக்குள் இருப்பதில் ஏதாவது ஒன்று வந்தால் போதும். கேள்விக்குறி, அதற்கு முன்னுள்ளது இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி என்கிறது. 'ம்' என்பதைச் சாதாரண அடைப்புக்குள் போட்டதற்குக் காரணம் உண்டு. நமக்கு அது ஓர் எழுத்து. கணினிக்கு மகரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. அடைப்பு இல்லாவிட்டால் கேள்விக்குறி புள்ளியை மட்டுமே பிடித்துக்கொள்ளும்.

கணக்கு இடித்த இடம்

ஒரு கட்டளையின் விடையை இன்னொரு கட்டளைக்குள் ஊற்றலாம். நடுவில் ஒரு நெடுங்கோடு (|) போட்டால் போதும். 'பைப்' என்பார்கள், தண்ணீர்ப் பைப்பைப் போலத்தான். அமானிதம் பற்றிய வரிகளை எடுத்து, அதில் வைத்ததையும் கொடுத்ததையும் பிரித்தேன்:

கிரெப் 'அமான' கொப்பி* | கிரெப் -சி 'வைத்த'
கிரெப் 'அமான' கொப்பி* | கிரெப் -சி 'கொடுத்'

வைத்தது 64. கொடுத்தது 33. எனக்கு நெஞ்சு பக்கென்றது. முப்பத்தொரு பேருடைய பொருள் திருப்பிக் கொடுபடவில்லையா? பெட்டியில் இருப்பது ஆறு பொட்டலம். மிச்சம் எங்கே போனது? மூத்தாப்பாவைப் பற்றி நினைக்கக் கூடாததெல்லாம் அன்று இரவு நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

காலையில் வாப்பாவின் பழக்கம் ஞாபகம் வந்தது. கடைக் கணக்கை அவர் இரண்டு பக்கமிருந்தும் கூட்டிப் பார்ப்பார். நானும் மொத்த அமானித வரிகளை எண்ணினேன்: 119. ஆனால் 64உம் 33உம் 97தானே? 22 வரி எந்தப் பக்கத்திலும் இல்லை. அவற்றை மட்டும் காட்டச் சொன்னேன்:

கிரெப் 'அமான' கொப்பி* | கிரெப் -வி 'வைத்த' | கிரெப் -வி 'கொடுத்'

22 வரியும் வந்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் கண்ணுக்கு முன்னால் 'கொடுத்தது' என்றே இருக்கிறது! 'கொடுத்' இல்லாத வரிகளைக் கேட்டால் 'கொடுத்தது' என்ற வரியைக் காட்டுகிறதே, இதென்ன பைத்தியமா?

பிழை கணினியில் இல்லை. அந்த 22 வரியும் முதல் மூன்று கொப்பிகளில் இருந்தன. அவற்றை மருமகன் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தான். பாமினியில் தட்டியது கண்ணுக்குத் தமிழ். உள்ளுக்கு ஆங்கில எழுத்து. ஆகவே ஒரு மாற்றியால் யூனிகோடாக்கி எடுத்திருந்தோம். அந்த மாற்றி 'கொ' என்பதைச் சரியாகக் கட்டவில்லை. யூனிகோடில் ஒகரக் குறிக்கு ஒரே குறியீடு உண்டு. ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், அச்சிலும் ஒன்றுதான். கிரெப் பார்ப்பது உருவத்தை அல்ல, உள்ளே கிடக்கும் குறியீட்டை. நான் தட்டிய 'கொ' ஒற்றைக் குறி. கோப்பில் இருந்தது இரட்டைக் குறி. அதனால் பொருந்தவில்லை.

இதற்கு மருந்து உண்டு. 'யூகொன்வ்' (யூ, சி, ஓ, என், வி) என்ற கருவி இரட்டைக் குறிகளை ஒற்றையாக்கித் தரும்:

யூகொன்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி கொப்பி1 > கொப்பி1_சரி

அம்புக்குறி விடையைப் புதுக் கோப்பில் சேமிக்கிறது. பழைய கோப்பின் பெயரையே மறுபடி கொடுத்துவிடாதீர்கள்; உள்ளதும் அழிந்துபோகும். புதியதைத் திறந்து பார்த்துத் திருப்தியான பிறகு பழையதை வேறு கோப்புறைக்கு அனுப்பிவிட்டு, புதியதற்குப் பழைய பெயரைக் கொடுத்தேன். இப்படி மூன்று கொப்பியையும் சரிசெய்தபின் மறுபடி எண்ணினேன். வைத்தது 64, கொடுத்தது 55. கூட்டினால் 119. மொத்தமும் 119.

ஆக மிச்சம் ஒன்பது. எந்த ஒன்பது என்று பிரிக்க இன்னும் மூன்று கருவிகள் உதவின. 'கட்' (சி, யூ, டி) கமாவுக்கு இடைப்பட்ட பகுதிகளில் வேண்டியதை மட்டும் வெட்டித் தரும். 'சோர்ட்' (எஸ், ஓ, ஆர், டி) வரிசைப்படுத்தும். 'கொம்' (சி, ஓ, எம், எம்) இரண்டு பட்டியலை ஒப்பிட்டு ஒன்றில் மட்டும் உள்ளதைக் காட்டும். லயம், பெயர், பொருள் மூன்றையும் வெட்டி எடுத்து, வைத்தவர் பட்டியல் ஒன்று, பெற்றவர் பட்டியல் ஒன்று செய்தேன்:

கிரெப் 'அமான' கொப்பி* | கிரெப் 'வைத்த' | கட் -டி, -எஃப்3-5 | சோர்ட் > வைத்தவர்
கிரெப் 'அமான' கொப்பி* | கிரெப் 'கொடுத்' | கட் -டி, -எஃப்3-5 | சோர்ட் > பெற்றவர்
கொம் -23 வைத்தவர் பெற்றவர்

12 வரி வந்தது. கொப்பியோடு வைத்துக் கண்ணால் பார்த்தபோது மூன்றில் பெயரை இரண்டு விதமாக எழுதியிருந்தது தெரிந்தது. வைக்கும்போது 'கருப்பாயி', எடுக்கும்போது 'கருப்பாய்' என்ற மாதிரி. அதைக் கழித்தால் ஒன்பது. கருவி இவ்வளவு தூரம்தான் கொண்டுவந்து விடும். கடைசிக் காலடி மனிதன் வைப்பது.

என்எல்: இலக்கம் இடுபவன்

இனி அந்த 7/212. கிரெப் '-என்' காட்டிய இலக்கத்தை நம்பி ஏழாம் கொப்பியின் 212ஆம் வரியைப் பார்த்தேன். அமானத்து வரிதான்! ஆனால் 'காசு 40 ரூபா' என்றிருந்தது. பொட்டலத்தில் இருந்ததோ தோடு. காசுக்குப் பதிலாகப் பிறகு தோட்டை வைத்திருப்பார்கள் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேடுகிறவனுக்கு வரக் கூடாத அவசரம் அது. அந்தப் பெயருக்குரியவரின் மகள் இன்னும் அதே தோட்டத்தில், அதே லயத்தில் இருந்தார். எழுபது வயதிருக்கும். பொட்டலத்தை அவிழ்த்துக் காட்டினேன்.

கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கம்மாது இல்ல தம்பி" என்றார். "எங்கம்மா தோட்ட வித்துத்தான் எங்கப்பாவ ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போனாங்க. அதுக்கப்பறம் அவங்க காதுல ஈர்க்குச்சிதான். இது வேற யாரோ வச்சது. அவங்களுக்குக் குடுங்க."

வாங்கிக்கொண்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அவருக்குத் தேவை இல்லாமலும் இல்லை. வீட்டைப் பார்த்தாலே விளங்கும். திரும்பி வரும் வழியெல்லாம் அமானிதத்தைப் பற்றி எனக்கு யார் பாடம் எடுத்தார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து மருமகனிடம் சொன்னேன். அவன் 'என்எல்' (என், எல்) என்ற கட்டளையால் இலக்கமிட்டு அச்செடுத்து வைத்திருந்த தாளைக் கொண்டுவந்தான். அதில் 212ஆம் வரி: தோடு ஒரு சோடி. நான் பார்த்த காசு வரிக்கு அவன் தாளில் 195.

ஒரே கோப்பு, இரண்டு கணக்கு. காரணம் நான் விட்ட வெற்று வரிகள். என்எல் சும்மா ஓடவிட்டால் எழுத்துள்ள வரிக்கு மட்டுமே இலக்கம் இடும். வெற்று வரியை எண்ணாமல் தாண்டிவிடும். கிரெப் '-என்' வெற்று வரியையும் சேர்த்து எண்ணும். பக்கம் தோறும் ஒரு வெற்று வரி. பத்தொன்பது பக்கம் தாண்டியபோது பத்தொன்பது இலக்கம் விலகிவிட்டது. தோட்டு வரி கிரெப் கணக்கில் 231. மூத்தாப்பா எழுதியதைத்தான் எண்ணினாரே தவிர, எழுதாததை எண்ணவில்லை. ஆகவே அவருடைய கணக்கும் என்எல் கணக்கும் ஒன்று. கூஃபாக் கணக்கும் ஃப்ளூகல் கணக்கும் வேறுபடுவதை வாசித்தறிந்திருந்த எனக்கு, என் வீட்டுக் கொப்பியில் அதே விசயம் நடக்கும்போது தெரியாமல் போய்விட்டது.

பாவிப்பவர்கள் மனதில் வைக்க வேண்டியவை இவை:

என்எல் கொப்பி7: எழுத்துள்ள வரிகளுக்கு மட்டும் இலக்கம்.

என்எல் -பிஏ கொப்பி7: வெற்று வரி உட்பட எல்லாவற்றுக்கும் இலக்கம். 'கெட் -என்' (சி, ஏ, டி) என்பதும் அப்படியே. இவை இரண்டும் கிரெப் '-என்' காட்டும் இலக்கத்தோடு ஒத்துப்போகும்.

பல கோப்புகளை ஒன்றாகக் கொடுத்தால் என்எல் எல்லாவற்றையும் ஒரே நூலாக நினைத்துத் தொடர்ந்து எண்ணிக்கொண்டே போகும். கிரெப் ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும். கொப்பிவாரி இலக்கம் வேண்டுமென்றால் கொப்பி கொப்பியாகத்தான் என்எல் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வரி இலக்கம் கோப்பின் அன்றைய நிலைக்கு மட்டும் உரியது. நாளை மேலே ஒரு வரி சேர்த்தால் கீழே உள்ள அத்தனையும் ஒன்று நகரும். ஆகவே திருத்தம் எல்லாம் முடிந்தபின் ஒரே தடவை இலக்கமிட்டு, அதைத் தனிக் கோப்பாகச் சேமித்து, பிறகு அதில் கை வைக்கக் கூடாது. கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது எந்தக் கணக்கின்படி என்பதையும் ஒரு சொல் எழுதிவிட வேண்டும்.

ஒன்பது பேர்

ஆறு பொட்டலங்களையும் என்எல் கணக்கின்படி பார்த்தேன். ஆறும் நான் எடுத்த ஒன்பது பேர் பட்டியலுக்குள்ளேயே வந்தன. மற்ற மூன்றும் காசு. ஒரு வழியில் தேடிக் கண்டது இன்னொரு வழியில் எண்ணிக் கண்டதோடு பொருந்தியபோதுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பிறகு ஒன்பது பெயரையும் தனித்தனியே எல்லாக் கொப்பியிலும் தேடினேன். கடைசி வரி என்ன என்று பார்ப்பதற்காக. ஐந்து பேருக்குக் கடைசி வரி ஒரே மாதிரி: 'ஊருக்குப் போனது.' இரண்டு இடத்தில் முசிறி, மணப்பாறை என்று ஊர்ப் பெயரும் இருந்தது. போனவர்களில் பலர் அந்த ஊர்களில் நிலைக்கவில்லை. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து பறிக்கப் போனார்கள். அங்கே விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம். மிச்ச நான்கு குடும்பங்கள் இங்கேயே அகப்பட்டன. 7/212க்கு உரிய தோடு, வைத்தவரின் பேத்தியிடம் போய்ச் சேர்ந்தது. தலவாக்கலையில் தையல் வேலை செய்கிறார். உரியவர் கிடைக்காத அமானிதத்தை என்ன செய்வது, அன்றைய நாற்பது ரூபாவுக்கு இன்று என்ன கொடுப்பது என்ற கேள்விகளை எங்கள் பள்ளி மௌலவியிடம் வைத்திருக்கிறோம். அவர் முதலில் கேட்டது, "தேடி முடிந்துவிட்டதா?" என்றுதான்.

வாசகர்களுக்கு

இந்த இதழின் வாசகர்களிடம் என்னைவிடப் பெரிய பொக்கிஷங்கள் இருக்கும். பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டக் குறிப்புகள், பழைய நிக்காஹ் பதிவுகள், ஜனாஸாக் கணக்குகள், மூத்தம்மா சொன்ன தாலாட்டுகள். தோட்டப்புறத்து முஸ்லிம் கடைக்காரர்களின் கொப்பிகள் லயத்து மக்களின் வரலாறும்தான். தோட்டத்துரையின் செக்ரோலில் பெயர்தான் இருக்கும், அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதற்குக் கடன் பட்டார்கள், எதைச் சேர்த்து வைத்தார்கள் என்பது நமது கொப்பிகளில்தான் இருக்கிறது.

2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் சேகரிப்பு நமக்குப் பெரும் கொடை. ஆனால் அங்குள்ள பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். படத்துக்குள் கிரெப் தேடாது. தட்டச்சான எழுத்தில் மட்டுமே தேடும். பழகிப் பார்க்க விரும்புபவர்கள் மதுரைத் திட்டத்தில் இருக்கும் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள், யூனிகோடில். ஓர் அரபுச் சொல் எத்தனை வரியில் வருகிறது, எந்தக் காண்டத்தில் கூடுதல் என்று ஒரு மாலைப் பொழுதில் எண்ணிவிடலாம். சொல் உருமாறி வரும், புணர்ச்சியில் ஒளிந்திருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 'இல்லை' என்று கிரெப் சொன்னால், நீங்கள் தட்டிய வடிவத்தில் இல்லை என்பதுதான் அர்த்தம். அந்த 'இல்லை'யை நம்பி ஒரு இரவு முழுதும் என் மூத்தாப்பாவைச் சந்தேகித்தவன் நான்.

அவருடைய கொப்பியில் ஓரத்தில் வைத்த புள்ளிகளை இப்போதும் எடுத்துப் பார்ப்பேன். பத்து வரிக்கு ஒன்று. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்ற மனிதர். யாரோ ஒருநாள் தேடி வருவார் என்று தெரிந்துதான் எண்ணி வைத்திருக்கிறார்.